டிக்கெட் யார் கையில்: விமான நிறுவனத் தளமா, பயணத் தளமா?

ஒரே நாள், ஒரே விமானம், ஒரே வகுப்பு. ஆனால் பல நிறுவனங்களின் டிக்கெட்டுகளை விற்கும் பயணத் தளத்தில் ஒரு விலையும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வேறொரு விலையும் காட்டப்படுகின்றன. இதைப் பார்த்ததும் எது மலிவு என்று கேட்பது இயல்பே. ஆனால் அதற்கான விடை நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறக்கூடியது. பணம் கட்டிய பிறகு அந்த டிக்கெட்டைத் திருத்தவும், ரத்து செய்யவும், பணத்தைத் திருப்பித் தரவும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது அப்படி மாறுவதில்லை. பயணம் சிக்கலின்றி முடிந்தால் இந்தக் கேள்வி எழவே எழாது. விமானம் ரத்தானாலோ, நேரம் மாறினாலோ, பெயரில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டாலோ வேறு எந்தக் கேள்வியும் பொருட்டாகத் தோன்றாது. இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, நடுவில் ஒருவர் ஏன் வந்தார், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

விமான இருக்கைகளை விற்கும் தொழில் நெடுங்காலம் முகவர்களை நம்பியே நடந்தது. 1950களில் முன்பதிவு என்பது அட்டைகளும் தொலைபேசியும் கொண்டு செய்யப்பட்ட கைவேலை. 1953-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் சென்ற விமானம் ஒன்றில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும், ஐபிஎம் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த பிளேர் ஸ்மித்தும் தற்செயலாகச் சந்தித்துப் பேசியதன் தொடர்ச்சியாகத்தான் சேபர் என்ற கணினி முன்பதிவு முறை உருவாகி, 1960களின் முற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அது நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்கு மட்டுமே உரிய கருவியாக இருந்தது. 1976-இல் அதன் கணினி முனையங்கள் முகவர்களின் மேசைகளுக்கும் சென்றன. யுனைடெட் ஏர்லைன்ஸின் அப்பல்லோவும் அதே ஆண்டில் அதே வழியில் இறங்கியது. ஐரோப்பாவில் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 1987-இல் அமேடியஸைத் தொடங்கின. இன்று நாம் கைபேசியில் திறக்கும் பயணத் தளங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் சேபர், அமேடியஸ், டிராவல்போர்ட் போன்ற இந்த விநியோக வலையமைப்புகளில் ஒன்றாவது இயங்கிக்கொண்டிருக்கிறது.

முகவரின் திரையில் எந்த விமானம் முதலில் தெரிகிறதோ அதுவே அதிகம் விற்கும் என்பதை இந்த நிறுவனங்கள் விரைவிலேயே கண்டுகொண்டன. வலையமைப்பின் சொந்தக்காரர் தம் விமானங்களை முதல் பக்கத்திலும் போட்டியாளரின் விமானங்களைப் பின் பக்கங்களிலும் வைத்த காலம் உண்டு. அமெரிக்காவில் 1984-இல் இதற்கு எதிராக விதி கொண்டுவர வேண்டியிருந்தது. வலையமைப்புகள் விமான நிறுவனங்களின் பிடியிலிருந்து பெருமளவு விலகிய பின், 2004-இல் அந்த விதிகள் கைவிடப்பட்டன. பழங்கதைதான் என்று தள்ளிவிட முடியாது. பயணத் தளத்தில் 'பரிந்துரைக்கப்பட்டவை' என்றோ 'சிறந்தவை' என்றோ ஒரு வரிசை முன்னிருப்பாக வரும்போது, அது பயணிக்குச் சிறந்ததா, தளத்துக்குச் சிறந்ததா என்று கேட்கும் உரிமை நமக்கு இன்றும் இருக்கிறது. வரிசையை விலைப்படியோ பயண நேரப்படியோ மாற்றிப் பார்த்தால், முதலில் நின்ற விமானம் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

முகவருக்கான ஊதியத்தை முன்பு விமான நிறுவனமே கொடுத்துவந்தது. டிக்கெட் விலையில் ஒரு விழுக்காடு கமிஷனாகப் போனதால், பயணி தனியாக எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. 1995-இல் டெல்டா ஏர்லைன்ஸ் அமெரிக்க உள்நாட்டு இருவழிப் பயணத்துக்கான கமிஷனுக்கு 50 டாலர் உச்சவரம்பு வைத்தது. மற்றவை அதைப் பின்பற்றின. 2002-இல் அதே நிறுவனம் அடிப்படைக் கமிஷனையே நிறுத்தியது. இதற்கு நடுவே 1996-இல் சேபரின் டிராவலாசிட்டி, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பீடியா என்ற பயணத் தளங்கள் வந்துவிட்டன. முகவரின் திரை வாடிக்கையாளரின் வீட்டுக்கே வந்தது. விமான நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை: அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் ஐந்து சேர்ந்து 2001-இல் ஆர்பிட்ஸ் என்ற தளத்தைத் தாங்களே தொடங்கின. நேரடி விற்பனைக்காக இன்று குரல் கொடுப்பவர்களே அன்று நடுவில் ஒரு தளத்தை நட்டவர்கள் என்பதை இங்கே குறித்துவைக்கலாம்.

அடிப்படைக் கமிஷன் மெலிந்த பிறகு பயணத் தளம் எப்படிப் பிழைக்கிறது? விநியோக வலையமைப்பு தனக்கு வரும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தளத்துக்குத் தருகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்றுத்தந்தால் சில விமான நிறுவனங்கள் ஊக்கத்தொகை தருகின்றன. விளம்பரமும் உண்டு. எஞ்சியவை பயணியின் பணப்பையிலிருந்து வருபவை: சேவைக் கட்டணம், காப்பீடு, இருக்கைத் தேர்வு, 'எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்' என்ற பெயரில் விற்கப்படும் கூடுதல் திட்டங்கள், பிறகு ஓட்டல் அறை, வாடகைக் கார். விமான டிக்கெட்டில் கிடைக்கும் லாபம் சொற்பம் என்பதால், டிக்கெட்டை அடக்க விலைக்கோ அதற்கும் கீழோ காட்டி வாடிக்கையாளரை உள்ளே இழுத்து, கடைசிப் பக்கத்துக்குப் போகும் வழியில் மற்றவற்றை விற்பதே பல தளங்களின் வியாபார முறை. முதல் பக்கத்தில் பயணத் தளம் மலிவாகவும் கடைசிப் பக்கத்தில் விமான நிறுவனத்தின் விலைக்குச் சமமாகவும், சில சமயம் அதற்கு மேலாகவும் முடிவதன் காரணம் இதுதான்.

கட்டணப் பக்கத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இந்த வியாபாரம் முழுவதும் அங்கே தெரியும். மேலே அடிப்படைக் கட்டணமும் வரிகளும். அதற்குக் கீழே பயணக் காப்பீட்டுக்கான பெட்டி, அதன் 'வேண்டும்' பொத்தான் பளிச்சென்ற நிறத்திலும் 'வேண்டாம்' என்பது 'என் பயணத்துக்குப் பாதுகாப்பு தேவையில்லை, ஆபத்தை நானே ஏற்கிறேன்' என்ற அச்சுறுத்தும் வாசகமாகவும். அதற்குக் கீழே குறுஞ்செய்தி அறிவிப்புக்கு ஒரு சிறு தொகை, முன்னுரிமை வாடிக்கையாளர் சேவைக்கு இன்னொரு தொகை. கடைசியாக, கட்டணம் செலுத்தும் முறையைத் தேர்ந்தெடுத்த பிறகு மட்டுமே தோன்றும் சேவைக் கட்டணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விமானச் சேவை ஒழுங்குமுறை, தவிர்க்க முடியாத எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த இறுதி விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்றும், விருப்பச் சேவைகளைப் பயணி தானே தேர்ந்தெடுத்தால் மட்டுமே சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவிலும் வரி முதலியவற்றைச் சேர்த்த முழு விலையையே விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதி 2012 முதல் நடைமுறையில் உள்ளது. நியாயமாகச் சொன்னால், விமான நிறுவனங்களின் தளங்களும் இந்தக் கலையில் பின்தங்கியவை அல்ல. குறைந்த கட்டண நிறுவனங்களின் தளத்தில் லக்கேஜ், இருக்கை, முதலில் ஏறும் வசதி என்று அடுத்தடுத்து வரும் பக்கங்களைக் கடந்தவர்கள் இதை அறிவார்கள். ஆகவே ஒப்பிட வேண்டியது இரு தளங்களின் கடைசிப் பக்கத் தொகைகளை. அதுவும் இரண்டிலும் ஒரே அளவு லக்கேஜ், ஒரே வகைக் கட்டணம் என்று உறுதி செய்துகொண்ட பிறகு.

இங்கே மூன்றாவது ஓர் இனத்தையும் பிரித்தறிய வேண்டும். கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் போன்றவை அடிப்படையில் விலைகளைத் திரட்டிக் காட்டும் தேடல் கருவிகள்; ஒரு விலையைச் சொடுக்கியதும் பெரும்பாலும் விற்பவரின் தளத்துக்கே அவை நம்மை அனுப்பிவிடுகின்றன. கூகுள் இந்தத் துறைக்குள் வந்தது, விமானக் கட்டணங்களைக் கணக்கிடும் மென்பொருளை உருவாக்கிய ஐடிஏ என்ற நிறுவனத்தை 70 கோடி டாலருக்கு வாங்கி, 2011-இல் அதைத் தன் வசப்படுத்தியதன் வழியாகத்தான். தேடல் கருவியில் ஒரே விமானத்துக்கு எதிரே பத்து விற்பனையாளர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று விமான நிறுவனம், இரண்டு மூன்று பெயர் தெரிந்த தளங்கள், மிச்சம் முன்பின் கேட்டிராதவை. மிகக் குறைந்த விலை அந்தக் கேட்டிராத பெயர்களில் ஒன்றிடம்தான் பெரும்பாலும் இருக்கும். தேடல் கருவியின் நற்பெயரை அந்த விற்பனையாளரின் நற்பெயராக எடுத்துக்கொள்வது பலர் செய்யும் தவறு.

அப்படிச் சொடுக்கி உள்ளே போனதும் விலை ஏறியிருப்பதும் அடிக்கடி நிகழ்வதுதான். நாம் தேடியதைக் கண்காணித்து விலையை உயர்த்திவிட்டார்கள் என்று உடனே சந்தேகம் எழுகிறது. பெரும்பாலும் காரணம் அவ்வளவு சுவையானதல்ல. ஒரு டிக்கெட் விற்பதற்கு எண்ணற்ற தேடல்கள் வந்து போவதால், ஒவ்வொரு தேடலுக்கும் விமான நிறுவனத்தின் கணினியிடம் புதிதாகக் கேட்பது செலவு மிக்கது. எனவே தளங்கள் சற்று முன் கிடைத்த விலையைச் சேமித்துவைத்துக் காட்டுகின்றன. நாம் தேர்ந்தெடுத்த பிறகே உண்மையான இருப்பைச் சரிபார்க்கின்றன. ஒரே எகானமி வகுப்புக்குள் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் பல விலை அடுக்குகள் உண்டு. ஓர் அடுக்கில் ஒரே ஓர் இடம் மீதமிருந்து, இரண்டு பேருக்காகத் தேடினால், இருவருக்கும் அடுத்த அடுக்கின் விலையே காட்டப்படும். தனியாக ஒருவருக்குத் தேடிப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும்.

இனி மையமான விஷயத்துக்கு வருவோம். முன்பதிவும் டிக்கெட்டும் ஒன்றல்ல. முன்பதிவு என்பது ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த பிஎன்ஆர் குறியீட்டுடன் கணினியில் உருவாகும் பதிவு. பயணியின் பெயர், விமானம், தேதி, தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்கும். டிக்கெட் என்பது அந்தப் பதிவுக்குப் பணம் ஏற்கப்பட்டதற்கான ஆவணம். 2008 ஜூன் 1 முதல் உலகெங்கும் முகவர்கள் வழங்கும் டிக்கெட்டுகள் மின்னணு வடிவத்துக்கு மாறின. அதன் எண் பொதுவாக 13 இலக்கம் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் வழங்கும் விமான நிறுவனத்தைக் குறிக்கும், எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஏர் இந்தியாவுக்கு 098 என்பது போல. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் இந்தப் பிரிவினை இல்லை, பதிவே டிக்கெட். மற்ற நிறுவனங்களில், பயணத் தளத்தில் பணம் கட்டிய உடன் 'உங்கள் பயணம் உறுதி செய்யப்பட்டது' என்று மின்னஞ்சல் வரலாம். அதில் தளத்தின் சொந்த எண் ஒன்றும் பிஎன்ஆர் ஒன்றும் இருக்கும். ஆனால் 13 இலக்க எண் இல்லாவிட்டால் டிக்கெட் இன்னும் வழங்கப்படவில்லை என்றே பொருள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அது வந்துவிடும். வராத வேளைகளில், டிக்கெட் வழங்க விமான நிறுவனம் வைத்த கெடு தாண்டியதும் இருக்கை தானாக விடுவிக்கப்படும். அல்லது அதற்குள் விலை ஏறிவிட்டதென்று கூறி, தளம் கூடுதல் தொகை கேட்கும். நேரடியாக வாங்கும்போது இந்த இடைவெளி அநேகமாக இருப்பதில்லை.

டிக்கெட் வழங்கப்பட்ட பிறகும் அது யார் வழங்கிய டிக்கெட் என்பது அதன் மீது ஒட்டிக்கொண்டே இருக்கும். முகவர் வழங்கியதை முகவரே மாற்ற வேண்டும் என்பது தொழிலில் வேரூன்றிய வழக்கம். பணம் முகவர் வழியாகத் தீர்வாகியிருப்பதும், சில கட்டணங்கள் முகவருக்கென்றே கொடுக்கப்பட்ட தனி விலைகள் என்பதும் அதற்கான காரணங்கள். விமான நிறுவனத்தை அழைத்தால் "உங்கள் முகவரை அணுகுங்கள்" என்றும், முகவரை அழைத்தால் "விமான நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்" என்றும் வரும் பதில்களின் ஊற்று இதுவே. இருவரும் பொய் சொல்வதாகப் பயணிக்குத் தோன்றும். பல நேரங்களில் இருவருமே அவரவர் கோணத்தில் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

நேர மாற்றம் ஒன்று எப்படிப் பயணிக்கிறது என்பதைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். இரண்டு விமானங்களில் செல்ல வேண்டிய ஒரு பயணம் என்று வைத்துக்கொள்வோம். முதல் விமானத்தின் புறப்பாட்டை நிறுவனம் மூன்று மணி நேரம் தள்ளிவைக்கிறது, இரண்டாவதைப் பிடிக்க இனி வழியில்லை. நிறுவனத்தின் கணினி இரு விமானங்களுக்கும் இடையிலான நேரத்தைச் சரிபார்த்து, அடுத்த நாள் விமானத்தில் இடம் ஒதுக்கி, அந்தச் செய்தியைப் பதிவை உருவாக்கிய முகவரின் வரிசைக்கு அனுப்புகிறது. நேரடியாக வாங்கியவருக்கு அதே செய்தி அவரது கைபேசிக்கே வரும். அவர் நிறுவனத்தின் செயலியைத் திறந்து ஒதுக்கியதை ஏற்கலாம், வேறு விமானத்தைத் தேர்ந்தெடுக்கலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தளத்தின் வழியாக வாங்கியவரின் பதிவிலோ தொடர்பு விவரமாகத் தளத்தின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணுமே இருக்கக்கூடும். செய்தி அங்கே வரிசையில் நிற்கும். தளம் அதைப் பார்த்து, பயணிக்கு அனுப்பி, ஒப்புதல் பெற்று, புதிய பதிவுக்கு ஏற்ப டிக்கெட்டையும் திருத்த வேண்டும். இந்தக் கடைசிப் படி தவறிப்போனால் பதிவில் புது விமானமும் டிக்கெட்டில் பழைய விமானமும் இருக்கும்; இணையத்தில் செக்-இன் செய்ய இயலாது, கவுன்டரில் இருக்கும் ஊழியர் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார், பயணிக்கு ஏன் என்றே புரியாது.

இதைத் தடுக்கச் செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று உண்டு. தளத்தில் வாங்கிய உடனே, விமான நிறுவனத்தின் பிஎன்ஆரைக் கொண்டு அதன் சொந்தத் தளத்தில் 'முன்பதிவை நிர்வகி' என்ற பக்கத்துக்குச் சென்று, அங்கே பயணம் தெரிகிறதா என்று பார்த்து, தம் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் சேர்த்துவிடலாம். தளம் தந்த எண் அங்கே ஏற்கப்படாவிட்டால், அது தளத்தின் உள் எண்ணாகவோ வலையமைப்பின் எண்ணாகவோ இருக்கலாம். விமான நிறுவனத்தின் எண் எது என்று தளத்திடம் கேட்டுப் பெற வேண்டும். அடிக்கடிப் பறப்போர் திட்ட எண், சிறப்பு உணவு, சக்கர நாற்காலி வேண்டுகோள் ஆகியவை உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கின்றனவா என்பதும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பணம் திரும்பி வருவதில்தான் நடுவில் ஒருவர் இருப்பதன் விலை கூர்மையாகத் தெரிகிறது. தளங்கள் டிக்கெட்டுக்கான தொகையை இரண்டு விதமாகக் கையாள்கின்றன. ஒன்றில் பயணியின் அட்டை விவரம் நேராக விமான நிறுவனத்துக்குப் போகிறது. அட்டைக் கணக்கில் விமான நிறுவனத்தின் பெயரே விழும். மற்றொன்றில் தளம் பணத்தைத் தானே வாங்கிக்கொண்டு, முகவர்களுக்கும் விமான நிறுவனங்களுக்கும் இடையிலான கணக்குத் தீர்க்கும் முறை வழியாகவோ, ஒரு முறைக்கு மட்டும் உருவாக்கப்படும் மெய்நிகர் அட்டை வழியாகவோ நிறுவனத்துக்குக் கட்டுகிறது. இரண்டாவது முறையில் விமான நிறுவனம் தொகையைத் திருப்பிவிட்டதாகச் சொல்வது உண்மையாகவே இருக்கும். அது திரும்பிச் சென்ற இடம் தளத்தின் கணக்கு. 2020-இல் பெருந்தொற்றால் உலகெங்கும் விமானங்கள் நின்றபோது எண்ணற்ற பயணிகளின் பணம் இந்த இரண்டு கணக்குகளுக்கு நடுவில்தான் மாதக்கணக்கில் நின்றது. அட்டையின் கணக்கு அறிக்கையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்ப்பது, பின்னாளில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு நம்பகமான துப்பு.

சட்டங்களும் இந்தத் துப்பையே பிடித்துக்கொண்டு நகர்ந்துள்ளன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் வெளியிட்ட விதி, பயணியின் அட்டையில் விற்பனையாளராகப் பதிவானவர் யாரோ, முகவரானாலும் விமான நிறுவனமானாலும், பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு அவருடையதே என்றது. கடன் அட்டைக்கு 7 வேலை நாள், மற்ற முறைகளுக்கு 20 நாள் என்று கெடுவும் வைத்தது. ஆனால் முகவரின் கெடு, பயணிக்குப் பணம் உரியதுதான் என்று விமான நிறுவனம் உறுதி செய்த பிறகே ஓடத் தொடங்கும். நடுவில் ஒருவர் இருந்தால் காலம் கூடும் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையோ ரத்தான விமானத்துக்கான பொறுப்பை விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் மீதே வைத்து, 7 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. அப்படியானால் தளம் எடுத்துக்கொண்ட கமிஷன் யார் தலையில்? ஒரு குடும்பம் ஓப்போடோ தளத்தின் வழியாக வூலிங் விமானத்துக்குக் கட்டிய தொகை 1108.88 யூரோ, விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1031.88 யூரோ. விமான நிறுவனம் தனக்கு வந்ததை மட்டுமே தருவேன் என்றது. நடுவில் நின்ற அந்த 77 யூரோவுக்காக வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 2018 செப்டம்பரில், முகவரின் கமிஷனும் டிக்கெட் விலையின் பகுதியே, விமான நிறுவனம் அறியாமல் அது வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு என்று தீர்ப்பாயிற்று. பயணிக்குச் சாதகமான தீர்ப்புதான். எனினும், அந்த விதிவிலக்குக்குள் எத்தனை தளங்கள் நுழைந்துகொள்ளக்கூடும் என்பது யோசிக்கத்தக்கது.

வாங்கிய மறுநாளே மனம் மாறினால் என்ன ஆகும் என்பதிலும் வேறுபாடு உண்டு. புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையில் நிறுத்திவைக்கவோ விமான நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்த விதி விமான நிறுவனத்திடம் நேராக வாங்கியவருக்கே உரியது; தளங்கள் பல தாமாகவே அதைப் பின்பற்றினாலும், சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தராமல் பிடித்துக்கொள்வது வழக்கம்.

தளங்கள் விற்கும் சில பயணங்களை விமான நிறுவனத்திடம் வாங்கவே முடியாது. அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றோடொன்று உடன்பாடு இல்லாத இரண்டு நிறுவனங்களின் விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டுகளாக வாங்கி, ஒரே பயணம் போல ஒட்டித் தருவதில் கிவி டாட் காம் போன்ற தளங்கள் பேர்பெற்றவை. விலை வியக்கத்தக்க வகையில் குறையும். ஒரே டிக்கெட்டில் உள்ள இணைப்பைத் தாமதத்தால் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. ஒட்டிய பயணத்தில் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் குறித்த நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவே. பெட்டியை நடுவில் இறக்கி, மீண்டும் செக்-இன் செய்ய வேண்டும். அதற்காக அந்த நாட்டுக்குள் நுழையும் விசா தேவைப்படலாம். தளம் தரும் 'இணைப்பு உத்தரவாதம்' தளத்தின் சொந்த வாக்குறுதி. அதன் நிபந்தனைகள் எழுதப்பட்டுள்ள பக்கத்தைப் பணம் கட்டும் முன் படிப்பதே நல்லது. போவது ஒரு நிறுவனத்திலும் வருவது இன்னொன்றிலுமாக இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளைச் சேர்த்துத் தருவது இதைவிடத் தொல்லை குறைந்தது. ஆனால் ஒன்று ரத்தானால் மற்றொன்றின் பணம் திரும்ப வராது என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு விமான நிறுவனங்களைப் பயணியின் காவலர்களாக எண்ணிவிடக் கூடாது. நேரடி விற்பனையின் மீது அவற்றுக்குள்ள ஆர்வம் செலவையும் வாடிக்கையாளர் விவரத்தையும் சார்ந்தது. லுஃப்தான்சா குழுமம் 2015 செப்டம்பர் 1 முதல் விநியோக வலையமைப்புகள் வழியாக விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 16 யூரோ கூடுதலாக வசூலிக்கத் தொடங்கியது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ 2012-இல் முன்வைத்த என்டிசி என்ற புதிய தரவு முறை, ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்பச் சலுகைகளை அமைத்து முகவர்களுக்கும் அனுப்ப வழிசெய்கிறது. சில நிறுவனங்கள் மிகக் குறைந்த கட்டணங்களை அந்த வழியிலும் தங்கள் தளத்திலும் மட்டுமே வைக்கின்றன. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 2025 வரை பெரிய பயணத் தளங்களில் தன் டிக்கெட்டுகளை விற்கவே இல்லை. பயணத் தளங்களோடு ரயன்ஏர் நிறுவனம் நடத்திய நீண்ட சண்டைக்குப் பிறகு 2023 டிசம்பரில் பல தளங்கள் அதன் விமானங்களை நீக்கின. அடுத்த மாதமே ஒவ்வொன்றாக உடன்பாடுகள் தொடங்கின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023-இல் தன் கட்டணங்களில் கணிசமான பகுதியைப் பழைய வலையமைப்புகளிலிருந்து விலக்கி முகவர்களை ஒதுக்கியது; ஊழியர்களின் பயணத்துக்காக டிக்கெட் வாங்கும் நிறுவனங்கள் விலகவே, 2024-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. முகவர்கள் இல்லாமல் வாழ முடியும் என்று எண்ணிய நிறுவனம் ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் கற்றது அது.

முகவரும் தளமும் உண்மையாகவே மேலான இடங்கள் இருக்கின்றன. எந்தெந்த நிறுவனங்கள் ஓர் ஊருக்குப் பறக்கின்றன என்பதைக் காட்ட எந்த விமான நிறுவனமும் முன்வராது. அதற்குத் தேடல் கருவியே வழி. பல நாடுகள், பல நிறுவனங்கள் கலந்த பயணத்தை ஒரே டிக்கெட்டில் சேர்த்துக் கட்டணம் கணக்கிடத் தேர்ந்த முகவருக்குத் தெரியும். விமான நிறுவனத் தளங்கள் இதில் தடுமாறும். குழுவாகச் செல்வோருக்கும், முகவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தனிக் கட்டணங்களுக்கும் இதே கதை. விமானமும் ஓட்டலும் சேர்ந்த தொகுப்பாக வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண ஆணையின்படி, ஏற்பாட்டாளர் திவாலானாலும் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நேரடியாக வாங்கிய வெறும் விமான டிக்கெட்டுக்கு அது கிடையாது. மேலும், தொலைபேசியை எடுத்துப் பேசக்கூடிய, பெயர் தெரிந்த முகவர் ஒருவர் நடுவில் இருப்பதும், மின்னஞ்சலுக்கு மட்டுமே பதில் தரும் முகம் தெரியாத தளம் நடுவில் இருப்பதும் ஒன்றாகாது. பெருங்குழப்பம் நேரும் நாளில், விமான நிறுவனத்தின் தொலைபேசி வரிசையில் மணிக்கணக்கில் காத்திருப்பவரைவிட நல்ல முகவரைக் கொண்டவர் முந்திச் சென்றுவிடுவதும் உண்டு.

என் கணிப்பில், விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் விமான நிறுவனத்திடமே வாங்குவது தகும். மாற்றம் நேர வாய்ப்புள்ள பயணமானால் வித்தியாசம் சற்றுப் பெரிதாக இருந்தாலும் தகும். தேதி உறுதியான, ஒரே விமானத்தில் முடிந்துவிடும், ரத்தானாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும் பயணத்துக்குத் தளத்தின் தள்ளுபடியை மறுக்கக் காரணம் இல்லை. தளத்தில் வாங்க முடிவு செய்தால், பயணிகளின் பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும். முகவர் வழங்கிய டிக்கெட்டைப் பொதுவாக வழங்கிய அன்று நள்ளிரவுக்குள் செல்லாததாக்கிப் புதிதாக வழங்க முடியும். எனவே பிழை இருந்தால் அன்றைக்கே தொலைபேசியில் அழைக்க வேண்டும். மறுநாள் முதல் அதே திருத்தம் விமான நிறுவனத்தின் அபராதம், தளத்தின் சேவைக் கட்டணம் என்று இரண்டு தனித்தனிச் செலவுகளாகக் கணக்கில் ஏறும்.